எல்லர்மனின் கோழிகள்

எய்ட்ஸ் மருந்தின் கதையை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் 1980களின் அமெரிக்காவில்தான் தொடங்குவார்கள். எனக்கு அதை 1908இன் கோப்பன்ஹேகனிலிருந்து, நோயில் நலிந்த சில கோழிகளிலிருந்து தொடங்கவே பிடிக்கும்.

வில்ஹெல்ம் எல்லர்மன் 1871இல் பிறந்த டேனிஷ் மருத்துவர். வைரஸ் இயல் படித்தவர்களுக்குத் தெரிந்த பெயர்தான். ஆனால் பாடநூல்களில் அவருக்குக் கிடைப்பது ஒரே ஒரு வரி. அவரோடு உழைத்தவர் ஒலுஃப் பாங் என்ற கால்நடை மருத்துவர். மாடுகளுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் கிருமியை 1897இல் கண்டறிந்த பெர்ன்ஹார்ட் பாங்கின் மகன்.

இருவரும் செய்த சோதனை எளிமையானது. லூகேமியா, அதாவது ரத்தப்புற்று, கண்ட கோழியின் உறுப்புகளை அரைத்து, பாக்டீரியாகூடப் புக முடியாத வடிகட்டியில் வடித்தார்கள். செல் ஒன்றுகூட இல்லாத அந்தத் தெளிநீரை நல்ல கோழிகளுக்கு ஊசியில் ஏற்றினார்கள். எல்லாவற்றுக்கும் அல்ல, சிலவற்றுக்கு நோய் வந்தது. அவற்றிலிருந்து எடுத்து அடுத்த கோழிகளுக்கு. அங்கிருந்து இன்னும் சிலவற்றுக்கு. வெறும் நஞ்சாக இருந்தால் கைமாறக் கைமாற நீர்த்துப் போயிருக்கும். நோய் நீர்க்கவில்லை. உள்ளே பெருகுகிற ஏதோ ஒன்று இருந்தது.

உலகம் பொருட்படுத்தவில்லை. லூகேமியாவைப் புற்றுநோய் என்று அன்று பலர் ஏற்கவில்லை. அதிலும் கோழி! 1911இல் நியூயார்க்கில் பெய்ட்டன் ரௌஸ், கோழியின் சதைக்கட்டியையே இப்படி வடிநீரால் பரப்பிக் காட்டினார்; அவரையும் நெடுநாள் யாரும் நம்பவில்லை. ஆனால் ரௌஸ் நீண்ட ஆயுள்காரர். 1966இல், 87 வயதில், நோபல் பரிசு வாங்கினார். எல்லர்மன் கோப்பன்ஹேகன் பல்கலைக்கழகத்தில் தடயவியல் மருத்துவப் பேராசிரியராகி, கோழி ஆராய்ச்சியையும் விடாமல் தொடர்ந்து, அதைப் பற்றி ஒரு நூலும் எழுதிவிட்டு 1924இல் காலமானார். இறந்தவர்களுக்கு நோபல் கிடையாது. இருந்திருந்தாலும் கொடுத்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

அவர் கையாண்டது என்ன என்பது 1970இல்தான் விளங்கியது. ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே ஒரு நொதியைக் கண்டுபிடித்தார்கள். இவ்வகை வைரஸ் தன் ஆர்.என்.ஏ.வைத் தலைகீழாக டி.என்.ஏ. ஆக்கி, நம் செல்லின் மரபுக்குள்ளேயே செருகிவிடுகிறது. ரெட்ரோவைரஸ் என்று பெயர் வந்தது. அந்தக் குடும்பத்தில் லூகேமியாவோடு முதலில் பிடிபட்டது எல்லர்மனின் கோழி வைரஸ். எச்.ஐ.வி. அதே குடும்பத்தின் இன்னொரு கிளை.

அந்த நொதியை மடக்கும் பொருள் ஏற்கெனவே தயாராக இருந்தது என்பதுதான் கொடுமை. 1964இல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ், ரத்தப்புற்றுக்கு மருந்தாகுமென்று ஏ.இஸட்.டி.யை உருவாக்கினார். எலிகளில் பலிக்கவில்லை, கிடப்பில் போட்டார். 1974இல் ஜெர்மனியில் வொல்ஃப்ராம் ஓஸ்டர்டாக், அது ஓர் எலி ரெட்ரோவைரஸைத் தடுப்பதைக் காட்டினார். மனிதரில் நோய் தரும் ரெட்ரோவைரஸ் எதுவும் அப்போது தெரியாததால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாண்டு கழித்து, 1977 டிசம்பரில், காங்கோவில் அறுவை மருத்துவராகப் பணியாற்றித் திரும்பிய கிரேத்தே ராஸ்க் பெயர் தெரியாத நோயில் இறந்தார். எல்லர்மனின் அதே கோப்பன்ஹேகனில். அவரது ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் தடயம் இருந்தது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது.

பரோஸ் வெல்கம் நிறுவனம் 1984இல் மருந்து தேடியபோது, ஆபத்தான எச்.ஐ.வி.யைத் தொடாமல், எலி ரெட்ரோவைரஸ்களில்தான் முதலில் சோதித்தது. ஏ.இஸட்.டி. தேறியது. 1985 பிப்ரவரியில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தில் ஹிரோவாகி மிட்சுயாவும் சாமுவேல் புரோடரும் அது எச்.ஐ.வி.யையும் தடுப்பதை உறுதி செய்தார்கள். அதன் வேலை ஒரு ஆள்மாறாட்டம். டி.என்.ஏ.வின் கண்ணிகளில் ஒன்றான தைமிடின் போலவே வேஷம் போட்டு வரும். வைரஸின் நொதி ஏமாந்து அதைக் கோத்துவிட்டால், அடுத்த கண்ணியை மாட்டக் கொக்கி இருக்காது. சங்கிலி அங்கேயே நிற்கும்.

1987 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. தனியாகக் கொடுத்தபோது வைரஸ் சீக்கிரமே தப்பிக்கக் கற்றுக்கொண்டது. 1996 வாக்கில் மும்மருந்துக் கூட்டு வந்த பிறகே நோயாளிகள் பிழைத்தார்கள். ஆனால் 1994லேயே, தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றுவதை ஏ.இஸட்.டி. மட்டுமே மூன்றில் இரண்டு பங்கு குறைத்துக் காட்டியது.

இன்றும் ஆய்வகங்களில் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ. ஆக்கப் பயன்படுத்தும் நொதிகளில் ஒன்று, எல்லர்மனின் வைரஸுக்கு நெருங்கிய உறவான ஒரு கோழி வைரஸிலிருந்து வருவது.