காலியான பெட்டியைக் கண்ட கண்கள்

விளையாட்டில் வெற்றி பெற்றவர்களை உலகம் கொண்டாடுகிறது. வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, ஓர் ஏழைக் குடும்பத்திற்காக அதை விட்டுக்கொடுக்க முன்வந்தவர்களை நாம் அதிகம் அறிவதில்லை. அப்படிப்பட்ட ஒருவர்தான் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் பெரும் புகழ் பெற்ற பயிற்சியாளர் அல் மெக்குவயர். இன்று அவருடைய வாழ்வைச் சற்றுச் சிந்திப்போம்.

அவர் 1928-ஆம் ஆண்டு செப்டம்பர் 7 அன்று நியூயார்க் நகரில், ஐரிஷ் வம்சாவளிக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் கடற்கரைப் பகுதி ஒன்றில் மதுக்கடை நடத்தினர். அங்கு வந்து போகும் உழைப்பாளிகளைப் பார்த்து வளர்ந்த அவர், மனிதரைப் படிக்கும் பாடத்தை அங்கேயே கற்றுக்கொண்டார். வின்சென்சியன் சபையினர் நடத்தும் புனித யோவான் பல்கலைக்கழகத்தில் பயின்று, சில ஆண்டுகள் தொழில்முறை அணிகளில் ஆடினார். அண்ணன் டிக் மெக்குவயரைப் போல் அவர் பெரிய ஆட்டக்காரர் அல்லர். அவருடைய அழைப்பு வேறாக இருந்தது.

1957-இல் வட கரோலினாவில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் பெல்மன்ட் அபே கல்லூரியில் பயிற்சியாளரானார். 1964-இல் மில்வாக்கி நகரிலுள்ள மார்க்வெட் பல்கலைக்கழகத்திற்கு வந்தார். இது பதினேழாம் நூற்றாண்டு மறைபரப்பாளர் ஜாக் மார்க்வெட்டின் பெயரைத் தாங்கிய இயேசு சபை நிறுவனம். நியூயார்க்கின் ஏழ்மையான தெருக்களில் வளர்ந்த கறுப்பின இளைஞர்கள் பலரை அவர் தேடிச் சென்று அழைத்து வந்தார். நிறவெறிக்கு எதிரான போராட்டம் கொந்தளித்த காலம் அது. அவரோ அந்த இளைஞர்களோடு சத்தம் போட்டுச் சண்டையிடுவார், சமாதானமாவார், அவர்களைத் தம் பிள்ளைகளாகவே நடத்துவார்.

1972-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவருடைய அணி அந்தப் பருவத்தில் ஆடிய 21 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அணியின் தூணாக நின்றவர் உயரமான இளைஞர் ஜிம் சோன்ஸ். தேசியக் கோப்பை இந்த ஆண்டு நமக்கே என்று எல்லாரும் நம்பியிருந்த வேளையில், நியூயார்க்கின் தொழில்முறை அணி ஒன்று அந்த இளைஞருக்குப் பெரும் தொகை தர முன்வந்தது. கையெழுத்திட்டால் கல்லூரி அணிக்கு அதன்பின் ஆட முடியாது. பயிற்சியாளர் என்ன செய்வார்? பருவம் முடியும்வரை பொறுத்திரு என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் யாரும் குறை கண்டிருக்கவும் மாட்டார்கள்.

அவர் கோப்பையைப் பார்க்கவில்லை, சமையலறையைப் பார்த்தார். தந்தையை இழந்த குடும்பம் அது. தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டி நிறைந்திருப்பதையும், அந்த இளைஞரின் வீட்டுப் பெட்டி காலியாக இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்ததாகப் பின்னாளில் அவரே விளக்கினார். போய் வா என்று அனுப்பி வைத்தார். அந்த ஆண்டு கோப்பை கைநழுவிப் போனது. ஒரு தாயின் சமையலறையோ நிறைந்தது.

பானையில் மாவும் கலயத்தில் எண்ணெயும் தீர்ந்துபோகும் நிலையில் இருந்த சாரிபாத்துக் கைம்பெண்ணை நாம் விவிலியத்தில் வாசிக்கிறோம். காலியான பாத்திரங்களை நிரப்புவது இறைவனின் வழக்கம். அதற்கு அவர் மனிதரின் கைகளையே தேடுகிறார்.

மெக்குவயர் குறையற்றவர் அல்லர். முன்கோபக்காரர். 1974-இல் தேசிய இறுதிப் போட்டியில் நடுவர்களிடம் கோபத்தைக் காட்டி, இரு முறை தண்டப் புள்ளிகளுக்கு ஆளானார். அவருடைய அணி தோற்றது. நம்மைப் போலவே அவரும் தம் பலவீனத்தோடு போராடியவர்தான்.

1976 டிசம்பரில், அந்தப் பருவத்தோடு ஓய்வு பெறப்போவதாக அவர் அறிவித்தார். அந்த ஆண்டு அவருடைய அணி ஏழு ஆட்டங்களில் தோற்றிருந்தது. யாரும் அதிகம் எதிர்பார்க்கவில்லை. ஆனால் 1977 மார்ச் 28 அன்று அட்லாண்டா நகரில் வட கரோலினா அணியை 67-க்கு 59 என்ற கணக்கில் வென்று தேசியக் கோப்பையைப் பெற்றது. ஆட்டம் முடியும் முன்பே அவர் இருக்கையில் அமர்ந்து முகத்தை மூடி அழுததை நாடே தொலைக்காட்சியில் கண்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் விட்டுக்கொடுத்தது அவருடைய கடைசி ஆட்டத்தில் கைக்கு வந்தது. இது விட்டுக்கொடுத்ததற்குக் கிடைத்த பரிசு என்று நாம் கணக்குப் போட வேண்டாம். கோப்பை வராமலே போயிருந்தாலும் 1972-இல் அவர் செய்தது சரியே.

பின்னர் தொலைக்காட்சி வர்ணனையாளராகப் புகழ் பெற்றார். 1978-இல் மில்வாக்கியின் குழந்தைகள் மருத்துவமனைக்கு நிதி திரட்ட அவருடைய பெயரில் ஓட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் நோயுற்ற குழந்தைகளுக்காக அதில் ஓடினர். 1992-இல் கூடைப்பந்துப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றார். இரத்த நோயால் துன்புற்று, 2001 ஜனவரி 26 அன்று தமது 72-ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார். அவர் அனுப்பி வைத்த ஜிம் சோன்ஸோ நெடுங்காலம் தொழில்முறை வீரராக ஆடி, 1980-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணியோடு சாம்பியன் பட்டமும் வென்றிருந்தார்.

அன்பார்ந்தவர்களே, நம்மில் பலர் ஆசிரியர்கள், பெற்றோர், முதலாளிகள், அன்பியப் பொறுப்பாளர்கள். நம் கீழ் உழைக்கும் பிள்ளைகளின் திறமை நமக்குத் தெரியும். அவர்களுடைய வீட்டு அடுப்பு எரிகிறதா என்பது தெரியுமா? நம் பெயர் விளங்குவதற்காக அவர்களைப் பிடித்து வைத்திருக்கிறோமா? அல்லது அவர்கள் வாழ்வதற்காக அனுப்பி வைக்கிறோமா?

இறைவா, எங்கள் வீட்டில் நிறைந்திருப்பதைக் காணும்போது, அடுத்த வீட்டில் குறைந்திருப்பதையும் காணும் கண்களை எங்களுக்குத் தாரும். ஆமென்.