வேண்டா வேலை வாழ்வானது!

பட்டம் பெற்றுவிட்டான் பையன். அடுத்து என்ன? மருத்துவமா, வழக்கறிஞர் தொழிலா, பொறியியலா என்று வீட்டார் கூடிப் பேசுகின்றனர். நூலகவியல் என்று யாரேனும் வாய் திறந்தால் முகங்கள் சுருங்குகின்றன. புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதற்கும் திரும்ப வாங்கி அடுக்குவதற்கும் ஒரு படிப்பா என்ற ஏளனம் எழுகிறது.

ஏளனம் செய்வோரை நாம் கோபிக்கப் போவதில்லை. இந்திய நூலகவியலின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்டவரே அந்த வேலையைக் கண்டு அஞ்சி ஓடப் பார்த்தவர்தான்!

அவர், எஸ். ஆர். ரங்கநாதன். 1892ஆம் ஆண்டு சீர்காழியில் பிறந்தவர். கணக்கிலே எம்.ஏ.; மங்களூரிலும் கோவையிலும் பாடம் நடத்திவிட்டுச் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தவர். கரும்பலகையும் மாணவர் கூட்டமுமே அவருக்கு உலகம். ஆனால் ஆசிரியர் சம்பளமோ அற்பம். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு நூலகர் தேவை, சம்பளமும் கூடுதல் என்றபோது நண்பர்கள் தூண்டினர், மனுப் போட்டார், வேலையும் கிடைத்தது. 1924 ஜனவரியில் பொறுப்பேற்றார்.

ஏற்றவர் மகிழ்ந்தாரா? இல்லை! எங்கு நோக்கினும் அலமாரி, பேச்சுக்கு ஆளில்லை, படிக்க வருவோரும் மிகச் சிலர். சில நாட்களிலேயே சலிப்பு மேலிட, பழைய கல்லூரி முதல்வரிடம் சென்று, மீண்டும் வகுப்பறைக்கே அழைத்துக்கொள்ளுங்கள் என்று மன்றாடினார். முதல்வர் மறுக்கவில்லை, நிபந்தனை ஒன்று விதித்தார். லண்டன் சென்று நூலகப் பயிற்சி பெற்று வர வேண்டும். அதன் பிறகும் அலுப்பு நீங்கவில்லையென்றால் கல்லூரியில் இடம் உண்டு.

சென்றார் ரங்கநாதன். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பயின்றார். கிராய்டன் நகர நூலகத் தலைவர் சேயர்ஸ் அவருக்கு ஆசான். ஊர் ஊராகச் சென்று நூலகங்களைப் பார்த்தார். அங்கே நூலகம், நூல்களைப் பூட்டி வைத்துக் காவல் காக்கும் சரக்கறையாக இல்லை. பண்டிதரும் பாட்டாளியும் தாயும் சேயும் வந்து போகும் பொதுச் சொத்தாக இருந்தது. கணக்காசிரியரின் உள்ளத்தில் கதவு ஒன்று திறந்தது!

கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சில தகடுகள், சில திருகாணிகள். மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலமும் ஆகும், பாரந்தூக்கியும் ஆகும். அறிவுத் துறைகளையும் இப்படிக் கூறு கூறாகப் பிரித்து இணைத்தால் என்ன? உறுப்பு நுரையீரல், சிக்கல் நோய், செயல் சிகிச்சை. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறி, இடையிலே முக்காற்புள்ளி. எந்த நூலுக்கும் அதற்குரிய இடம் கிடைத்துவிடும். அதுவே 1933இல் நூலாக வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1925இல் தாயகம் திரும்பியவர் கல்லூரியை நாடவில்லை. பூட்டிய அலமாரிகளைத் திறந்துவிட்டார்; வாசகர் தாமே நூலைத் தொட்டு எடுக்கலாம் என்றார். ஏட்டைத் தொடும் உரிமையே சிலருக்குத்தான் என்று நெடுங்காலம் இருந்த நாட்டிலே இது சிறு செயலா? சிந்தித்துப் பாருங்கள்!

1928இல் சென்னை நூலகச் சங்கம் அமையப் பாடுபட்டார். 1929இல் பயிற்சி வகுப்பு தொடங்கிற்று. 1931இல் பல்கலைக்கழகமே அதை ஏற்றுக்கொண்டது. அதே 1931இல் வெளிவந்தன அவருடைய ஐந்து விதிகள். நூல் பயன்படவே உள்ளது, வாசகரின் நேரம் வீணாகலாகாது, நூலகம் ஓயாது வளர்வது என்பன அவற்றின் சாரம். ஓடிப்போக எண்ணியவர், பிறர் நாடி வரும் தொழிலையே உருவாக்கிவிட்டார்.

ஊர்தோறும் நூலகம் வேண்டும், அதற்குச் சட்டம் வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் போராடினார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் பிறந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. குடிசைப் பிள்ளையும் கூலி கொடாமல் படிக்க வழி பிறந்தது.

காசியிலும் டில்லியிலும் பணியாற்றினார். தாம் சேர்த்த லட்சம் ரூபாயை, நூலகவியல் பேராசிரியர் பதவி ஏற்படுத்தச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். 1962இல் பெங்களூரில் ஆவணப் பயிற்சி மையம் அமைத்தார். 1972இல் மறைந்தார்.

இன்று கணினி வந்துவிட்டது. விரல் அசைத்தால் விவரம் வந்து குவிகிறது. குவிவது வேறு, வேண்டியது கிடைப்பது வேறு! குப்பையைக் கொழித்து மணியைப் பொறுக்கித் தரும் கலைஞருக்குத் தேவை குறையவில்லை, கூடியிருக்கிறது. மருத்துவமனைக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் செய்தித்தாள் அலுவலகத்துக்கும் அவர் வேண்டும்.

ஆகவே, பட்டத்தைக் கையில் ஏந்தி நிற்கும் தம்பிக்கும் தங்கைக்கும் நாம் கூறுவது இதுதான். பிடித்த வேலை கிடைக்கவில்லையே என்று பெருமூச்சு விடுமுன், கிடைத்த துறையை முறையாகக் கற்றுப் பாருங்கள். கற்றபின் வெறுத்தால் விலகுங்கள், கல்லாமல் வெறுக்காதீர்கள்! சீர்காழிக் கணக்காசிரியர் அப்படிக் கற்றதால்தான், நம் ஊர்க் கிளை நூலகத்தின் கதவு இன்று திறந்திருக்கிறது.