மேல்மாடியில் மூன்று மாதங்கள்

சில காலத்துக்கு முன் கிளிநொச்சியில் சுயதொழில் செய்பவர்களுக்கான பயிற்சிப் பட்டறை ஒன்றுக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தேன். பொருளைச் செய்யமுதல் அதைப் பாவிக்கப்போகிறவரை அறியுங்கள், மாதிரி ஒன்றைச் செய்து அவர் கையில் கொடுத்துப் பாருங்கள், அவர் வாயால் சொல்வதைவிட அதை வைத்து என்ன செய்கிறார் என்பதைக் கவனியுங்கள் என்று வளவாளர் விளங்கப்படுத்தினார். எனக்கு முல்லைத்தீவில் ஒரு வீட்டுக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருந்த செயற்கைக்கால்தான் நினைவுக்கு வந்தது. கொடுத்தவர்கள் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் போட்டுக்கொண்டு வயற்சேற்றில் இறங்க முடியாது என்றார் அந்த அக்கா. அளவு எடுக்க வந்தபோது வயலைப் பற்றி யாரும் கேட்டார்களா என்று நானும் அவரிடம் கேட்கவில்லை.

பிறகு செயற்கைக்கால்களின் வரலாற்றைத் தேடியபோது ஜேம்ஸ் எட்வேர்ட் ஹாங்கரின் வாழ்க்கை கிடைத்தது.

1843இல் அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் பிறந்தவர். பொறியியல் படித்துக்கொண்டிருந்த 18 வயதுப் பெடியன். உள்நாட்டுப் போர் தொடங்கியதும் படிப்பை விட்டுவிட்டுத் தென்மாநிலங்களின் படைக்குப் போனார். அடிமைமுறையைக் காக்க நின்ற தரப்பு அது. அதை மறைத்துவிட்டு அவர் கதையைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. படையில் சேர்ந்து இரண்டு நாள்கூட முழுதாக ஆகவில்லை. 1861 ஜூன் 3ஆம் திகதி பிலிப்பி என்ற ஊரில், குதிரைகள் நின்ற களஞ்சியக் கொட்டில் ஒன்றில் இருந்தபோது பீரங்கிக் குண்டு இடதுகாலைச் சிதைத்தது. எதிர்த்தரப்பு மருத்துவர்தான் காலை அகற்றி உயிரைக் காப்பாற்றினார். அந்தப் போரின் முதலாவது கால் அகற்றல் அதுவென்று சொல்வார்கள்.

கைதியாக இருந்தபோது அவருக்குக் கிடைத்தது மடங்காத வெறும் மரக்கால். நடந்தால் சத்தம், படியேறினால் அவதி. ஓகஸ்டில் கைதிகள் பரிமாற்றத்தில் வீடு வந்தவர், மேல்மாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாடு வாசலுக்குப் போனது. பீப்பாய்ப் பலகையும் மரத்துண்டுகளும் வேண்டுமென்று மட்டும் கேட்பாராம். பிள்ளை மனமுடைந்து கிடக்கிறான் என்று வீட்டார் நினைத்தார்கள். நவம்பரில் ஒரு நாள் முழங்காலிலும் கணுக்காலிலும் மடங்கும் புதுக்காலோடு படியிறங்கி வந்தார். இது குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்பட்ட கதை; கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் அந்த மாடிப்படி எனக்குப் பிடித்திருக்கிறது. மரக்கால் தோற்ற அதே இடந்தானே.

அவர் யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. பாவனையாளரும் அவர்தான், சோதித்துப் பார்த்தவரும் அவர்தான். எங்கே உரசுகிறது, எங்கே சறுக்குகிறது என்பதை உடம்பே சொல்லியிருக்கும். ஆனால் தன் உடம்புக்குப் பொருந்தியது இன்னொருவருக்கும் பொருந்தும் என்பது நிச்சயமில்லை. நல்ல யோசனைகள் பல அந்த இடத்தில்தான் விழுகின்றன. அவருடைய கால் விழவில்லை. காலிழந்து ஊர் திரும்பிய மற்றச் சிப்பாய்களுக்கும் செய்துகொடுத்தார். 1863இல் தென்தரப்பு அரசிடம் காப்புரிமை பெற்றார். போர் முடிந்தபின் வேர்ஜீனியா மாநிலம் தன் முன்னாள் சிப்பாய்களுக்குக் கால் செய்யும் பொறுப்பை அவரிடம் கொடுத்தது. 1871இல் அமெரிக்கக் காப்புரிமையும் கிடைத்தது. கணுக்காலில் இறப்பர் வைத்தது அவருடைய பெரிய திருத்தங்களில் ஒன்று.

இருந்தும் அந்தக் கால் சப்பாத்துப் போட்டு, கதிரையில் இருந்து எழும்பும் மனிதருக்கான கால். நிலத்தில் சம்மணமிடுகிறவரையும் வெறுங்காலோடு வயலுக்குப் போகிறவரையும் வேர்ஜீனியாவில் யார் நினைத்திருப்பார்கள்? அதற்கு 1960களின் பிற்பகுதியில் இந்தியாவில் ஜெய்ப்பூர் கால் வரவேண்டியிருந்தது.

முதலாம் உலகப்போர் நடந்த 1915இல் ஹாங்கர் ஐரோப்பாவுக்குப் போனார். அப்போது அவருக்கு 72 வயது. அரைநூற்றாண்டு அந்தத் தொழிலில் இருந்தவர், அங்குள்ளவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கப் போனார். 1919இல் காலமானார்.

போன மாதம் முல்லைத்தீவுக்குப் போனபோது அந்த அக்காவிடம் கேட்டேன். அளவு எடுக்க வந்தவர்கள் பெயரையும் வயதையும் அடையாள அட்டை இலக்கத்தையும் கேட்டார்களாம்.