கரிசலின் மைந்தர் வ.உ.சி.

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. கம்பும் சோளமும் பருத்தியும் அதன் விளைச்சல். 1861-இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்துக் குன்றவே, இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின. திருநெல்வேலிப் பருத்திக்கும் விலை ஏறியது. 1876-இல் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. பின்னர் அத்துறைமுக நகரில் ஹார்வி நிறுவனத்தார் கோரல் நூற்பாலையை எழுப்பினர். மழையை நம்பி வாழ்ந்த மக்கள் பலர் ஆலைச் சங்கொலிக்கு எழும் கூலிகளாயினர்.

இக்கரிசலைச் சேர்ந்த ஒட்டப்பிடாரத்தில் 1872-இல் பிறந்தவர் வ.உ.சிதம்பரனார். விளைவிப்போர் இம்மண்ணினர், கப்பலும் ஆதாயமும் அயலாருடையவை. இந்நிலையை மாற்றவே 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தை அவர் தொடங்கினார். நாடு அதனையே பெரிதும் நினைவுகூர்கிறது. எனினும், 1908 பிப்ரவரி 27-இல் கோரல் ஆலைத் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் அவர் ஆற்றிய பணி அதனினும் குறைந்ததன்று. குறைந்த கூலி, நீண்ட வேலைநேரம், வார விடுமுறையின்மை ஆகியவற்றை எதிர்த்து எழுந்த அவர்களுக்கு அவரும் சுப்பிரமணிய சிவாவும் துணைநின்றனர். வேலையிழந்தோர் பசியால் பணிந்துவிடாதிருக்க நகர மக்களிடம் பொருள் திரட்டினார். ஒன்பது நாளில் நிருவாகம் இணங்கியது.

சில நாள்களிலேயே, மார்ச் 12-இல், அவர் கைதானார். சிறையில் செக்கிழுத்தார், கப்பல் நிறுவனமும் அழிந்தது. 1912-இல் விடுதலையானபோது வழக்கறிஞர் உரிமையும் அவரிடம் இல்லை. நீதிபதி வாலஸ் உதவியால் அதனை மீண்டும் பெற்றார். நன்றியாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டார். 1920-களில் அவர் வழக்காட வந்து தங்கிய ஊர் கோவில்பட்டி. பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறி, அங்கேயே 1936 நவம்பர் 18-இல் காலமானார்.