தரையில் அமர்ந்த காமிரா

இரண்டு பேர் எதிரெதிரே அமர்ந்து பேசுகிறார்கள். இதைப் படமெடுப்பதில் என்ன பிரமாதம் இருக்கிறது என்று கேட்பவர் உண்டு. சண்டையைப் படமெடுப்பது கடினம்; வெள்ளத்தையும் தீயையும் படமெடுப்பது கடினம்; பேச்சைப் படமெடுக்க ஒரு காமிராவும் இரண்டு நாற்காலியும் போதாவோ? போதா. சண்டையில் காமிரா எந்த மூலையில் நின்றாலும் ஏதோ ஒன்று நடந்துகொண்டிருக்கும். பேச்சிலோ நடப்பதெல்லாம் முகத்தில்தான். யார் முகத்தை, எவ்வளவு தூரத்திலிருந்து, எந்தச் சொல் வரையில் காட்டுவது என்று முன்கூட்டித் தீர்மானிக்காதவனுக்கு மிஞ்சுவது வசனம் ஒப்பிக்கும் நாடகமே. நம் நாட்டுப் படங்களில் இதை வேண்டிய மட்டும் பார்த்தாயிற்று.

இந்த ஒரு வேலையை முப்பத்தைந்து ஆண்டுகள் செய்தவர் ஜப்பானிய டைரக்டர் யஸுஜிரோ ஓஸு. அதையும் ஊரார் செய்யும் முறைக்கு மாறாகவே செய்தார். அது அறியாமையா, பிடிவாதமா, வேறு காரணம் உண்டா என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. அதற்கு முன் அவர் வாழ்க்கையைச் சொல்ல வேண்டும்.

ஓஸு 1903 டிசம்பர் 12-ந் தேதி டோக்கியோவின் ஃபுக்காகவாப் பகுதியில் பிறந்தார். தந்தை உர வியாபாரி. பையனுக்கு ஒன்பது வயதானபோது தாய் குழந்தைகளை அழைத்துக்கொண்டு மாட்ஸுஸாகா என்ற ஊருக்குக் குடிபோனாள். தந்தை தொழிலைக் கவனித்துக்கொண்டு டோக்கியோவிலேயே தங்கிவிட்டார். ஆக, பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி தந்தை இல்லாத வீட்டிலே கழிந்தது. பையனுக்குப் படிப்பைக் காட்டிலும் அமெரிக்கப் படங்களில்தான் ஆசை. பரீட்சைகளில் தவறினார், ஒரு மலையூர்ப் பள்ளியில் ஓராண்டு வாத்தியார் வேலை பார்த்தார். 1923-ல் ஷோச்சிக்கு கம்பெனியின் காமாட்டா ஸ்டூடியோவில் காமிராப் பகுதி உதவியாளராகச் சேர்ந்தார். அந்தக் காலத்தில் உதவியாளன் என்றால் காமிராவைத் தோளில் தூக்கிச் சுமப்பவன் என்று பொருள். எந்த இடத்தில் வைப்பது என்று பிற்காலத்தில் அங்குலக் கணக்குப் பார்த்தவர், முதலில் அதன் கனத்தை அறிந்தவர்.

அவர் டைரக்டரான கதை வேடிக்கையானது. 1927-ல் ஒரு நாள் வேலை முடிந்து பசியோடு ஸ்டூடியோச் சாப்பாட்டுக் கூடத்தில் குழம்புச் சோற்றுக்குக் காத்திருந்தார். நம் நாட்டிலிருந்து இங்கிலாந்து சென்று, அங்கிருந்து ஜப்பானுக்குக் கப்பலேறிய அதே குழம்புதான். இவருடைய முறை வந்தபோது, பின்னால் வந்த ஒரு டைரக்டருக்கு முதலில் பரிமாறிவிட்டார்கள். கைகலப்பாயிற்று. ஸ்டூடியோ தலைவர் ஷிரோ கிடோ கூப்பிட்டனுப்பினார். வேலை போயிற்று என்றுதான் எவரும் நினைப்பர். கிடோவோ பையனுடைய ரோசத்தைக் கண்டு ஒரு கதை எழுதிக்கொண்டு வரும்படி சொன்னார். அவ்வாண்டே ஓஸு டைரக்டரானார். விடுதிச் சாப்பாட்டு வரிசையில் நிற்கும் அன்பர்கள் இதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

மௌனப் படங்கள் பலவற்றை எடுத்தார். ஜப்பானில் பேசும் படம் 1931-லேயே வந்துவிட்டது. ஓஸுவின் முதல் பேசும் படம் 1936-ல்தான் வந்தது. தம் காமிராக்காரர் ஷிகெஹாரா சொந்தமாக ஓர் ஒலிப்பதிவுக் கருவி அமைத்துக்கொண்டிருந்தார். அது முடியும் வரை காத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். காத்திருந்து எடுத்த படம் 'ஒரே மகன்'.

அதன் கதை நம்மில் பலருக்குச் சுடும். பட்டுநூல் ஆலையில் வேலை செய்யும் விதவைத் தாய் தன் ஒரே மகனைப் படிக்க வைத்து டோக்கியோவுக்கு அனுப்புகிறாள். ஆண்டுகள் பல கழித்து அவனைப் பார்க்கப் போகிறாள். மகன் பெரிய மனிதனாகவில்லை. நகரத்தின் ஒதுக்குப்புறத்தில் இராப்பள்ளி வாத்தியாராக, மனைவியோடும் கைக்குழந்தையோடும் காலந்தள்ளுகிறான். தாயை உபசரிக்கக் கடன் வாங்குகிறான். தாயோ வீட்டையும் நிலத்தையும் விற்றுத்தான் அவனைப் படிக்கவைத்தாள் என்பது மெல்ல வெளிப்படுகிறது. குப்பை எரிக்கும் ஆலையின் புகைபோக்கிகள் தெரிய, புல்வெளியில் இருவரும் உட்கார்ந்து பேசுகிறார்கள். வேறொரு நாள் நள்ளிரவில் தாய் மகனைக் கண்டித்துப் பேச, கேட்டிருந்த மருமகள் அழுகிறாள். உடனே காமிரா ஆளில்லாத அறையின் ஒரு மூலையைக் காட்டி, அங்கேயே நெடுநேரம் நிற்கிறது. சொன்ன சொல் அந்த அறையில் இன்னும் தங்கியிருப்பதுபோல் நமக்குத் தோன்றும்.

நிற்க. பேச்சுக் காட்சியைப் படமாக்கும் வழக்கமான முறை என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் இருவரையும் சேர்த்துக் காட்சி முழுவதையும் ஒரே ஷாட்டில் எடுப்பார்கள். பிறகு ஒருவர் தோளுக்குப் பின்னாலிருந்து மற்றவரை. பின் அவர் தோளுக்குப் பின்னாலிருந்து இவரை. கடைசியில் இருவருக்கும் தனித்தனியே குளோசப். ஒரே பேச்சை நாலைந்து தடவை பேசச் செய்து, எது வேண்டுமென்பதை எடிட்டிங் மேஜையில் தீர்மானிப்பார்கள். இதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. பேசும் இருவரையும் இணைத்து ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு, காமிரா எப்போதும் அதன் ஒரே பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதுதான் திரையில் ஒருவர் வலப்புறம் பார்ப்பார், மற்றவர் இடப்புறம் பார்ப்பார். எதிரெதிரே இருக்கிறார்கள் என்பது குழந்தைக்கும் விளங்கும். கோட்டைத் தாண்டினால் இருவரும் ஒரே திசையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும்.

ஓஸு அந்தக் கோட்டைத் தாண்டினார். ஒரு தடவையல்ல, படம் முழுவதும் தாண்டினார். பேசுகிறவருக்கு ஏறக்குறைய நேர் எதிரே காமிராவை வைத்தார். பதில் சொல்பவரைக் காட்டும்போது முற்றிலும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தார். பாயில் அமர்ந்தவரின் கண்மட்டத்துக்கும் கீழே இருக்கும்படி, அதற்கெனக் குட்டையான தாங்கி செய்வித்தார். ஷிகெஹாராவுக்குப் பின் அவருடைய காமிராக்காரராயிருந்த யூஹாரு அட்ஸுட்டா பாயில் குப்புறப் படுத்தே வேலை செய்தார். பிற்காலப் படங்களில் லென்ஸ் அநேகமாக எப்போதும் ஒன்றேதான்: 50 மில்லிமீட்டர்.

இந்த ஒற்றை லென்ஸ் விஷயத்தை, பௌதிகம் படிப்பவன் என்ற முறையில் சற்று விளக்குகிறேன். அக்காலத்து 35 மில்லிமீட்டர் பிலிமில் 50 மில்லிமீட்டர் லென்ஸ் குறுக்குவாட்டில் சுமார் 25 டிகிரி அளவே பார்க்கும். லென்ஸை மாற்றியும் முகத்தை அதே அளவில் காட்ட வேண்டுமானால் காமிராவின் தூரத்தையும் மாற்ற வேண்டும். தூரம் மாறினால் மூக்குக்கும் காதுக்கும் உள்ள விகிதம் மாறும். பின்னாலுள்ள சுவர் கிட்டத்தில் வந்ததுபோலவோ எட்டிப்போனதுபோலவோ தோன்றும். ஓஸு இதை ஒப்பவில்லை. தந்தையின் முகம் திரையில் எந்த இடத்தில், எந்த அளவில் இருந்ததோ, அதே இடத்தில், அதே அளவில் மகளின் முகம் வர வேண்டும். அப்படி வரும்போது நம் கண் திரையில் தேடி அலைவதில்லை. ஒரு முகம் இருந்த இடத்தில் இன்னொரு முகம்; அவ்வளவே. இதற்காக ஷாட்டுக்கு ஷாட் தேநீர்க் கிண்ணத்தையும் புட்டியையும் இடம் மாற்றி வைக்கவும் அவர் தயங்கியதில்லை. உற்றுப் பார்த்தால் மேஜைமேல் பொருள்கள் நடமாடுவது தெரியும்!

கோட்டைத் தாண்டியதற்கு ஓஸு கொடுத்த விளக்கம் எளியது. ஜப்பானிய அறை சிறியது. யார் எங்கே அமர்வது என்பது மரபால் ஏற்பட்டது. கோட்டின் ஒரே பக்கத்தில் நின்றால் அந்த அறையையும் காட்ட முடியாது, அதற்குள் இருக்கும் உணர்ச்சியையும் காட்ட முடியாது என்றார். சினிமாவுக்கு இலக்கணம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் ஒப்பவில்லை. என் கருத்து இதற்குச் சற்று அப்பாலும் போகிறது. கோட்டு விதி மூன்றாம் மனிதனுக்காக ஏற்பட்டது. பக்கவாட்டில் நின்று இருவர் பேசுவதை வேடிக்கை பார்ப்பவனுக்கு இடம் வலம் குழம்பக்கூடாதல்லவா? ஓஸுவின் அறையில் வேடிக்கை பார்ப்பவனே கிடையாது. மகன் பேசும்போது நாம் தாயின் இடத்தில் இருக்கிறோம். தாய் பேசும்போது மகனின் இடத்தில். அதோடு, பேசுபவர் வாக்கியத்தை முடிக்கும் வரை பெரும்பாலும் அவர் ஷாட்டை மாற்றுவதில்லை. மற்றவர்கள் பாதிப் பேச்சிலேயே கேட்பவர் முகத்துக்குத் தாவி, அது சிவந்ததா, வெளுத்ததா என்று காட்டிவிடுவார்கள். ஓஸுவிடம் அந்தச் சலுகை இல்லை. சொல்ல வேண்டியதை முழுக்கச் சொல்லிவிட்டு, அது எப்படித் தைத்தது என்று அறியக் காத்திருக்க வேண்டும். வாழ்க்கையிலும் அப்படித்தானே காத்திருக்கிறோம்?

இவ்வளவும் படப்பிடிப்பன்று தோன்றும் யோசனையல்ல. வசனப் பிரதியின் ஓரத்தில் ஷாட்டுக்கு ஷாட் சிறு படம் வரைந்துகொள்வார். வினாடியோடு பிலிமின் நீளத்தையும் காட்டும் ஸ்டாப்வாட்ச் ஒன்றைத் தனியே செய்வித்துக் கையில் வைத்திருந்தார்.

இடையில் போர் வந்தது. 1937-ல் படையில் சேர்க்கப்பட்டு சீனாவுக்கு அனுப்பப்பட்டார். இருந்தது விஷவாயுப் படைப்பிரிவில். மென்மையான குடும்பப் படங்களைப் பாராட்டுவோர் இதை மறைத்துவிடக்கூடாது. 1939-ல் திரும்பினார். 1943-ல் மறுபடியும் அழைப்பு, இம்முறை சிங்கப்பூர். நேதாஜியின் போராட்டத்தைப் பற்றி 'டில்லிக்கு, டில்லிக்கு' என்ற பிரசாரப் படம் எடுக்க வேண்டும் என்பது உத்தரவு. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த காலம் அது. படம் முடியவில்லை. கத்தே கட்டிடத்தில் இருந்துகொண்டு, கைப்பற்றப்பட்ட அமெரிக்கப் படங்களைப் போட்டுப் பார்த்தார். 'சிட்டிசன் கேன்' கண்டு வியந்தார். வியந்தாரே தவிர அதைப் பின்பற்றவில்லை. 1945-ல் ஜப்பான் தோற்றதும் எழுதியதையும் எடுத்ததையும் அழித்துவிட்டார். பிறகு காவலில் வைக்கப்பட்டு ரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார். நாடு திரும்பும் முதல் கப்பலில் எல்லோருக்கும் இடமில்லை. சீட்டுக் குலுக்கியபோது இவருக்கு விழுந்தது. ஊர் திரும்பத் துடித்துக்கொண்டிருந்த வேறொருவருக்கு அதை விட்டுக்கொடுத்துவிட்டு 1946-ல்தான் திரும்பினார்.

1949-ல் வந்த 'பின்வசந்தம்' முதல் இறுதிவரை எல்லாப் படங்களையும் கோகோ நோடாவோடு சேர்ந்து எழுதினார். இருவரும் சத்திரத்திலோ மலைவீட்டிலோ மாதக்கணக்கில் தங்கி, மது அருந்திக்கொண்டே ஒவ்வொரு வாக்கியத்தையும் அதன் கடைசி அசை வரை தீர்மானிப்பார்கள். இப்படி எழுந்ததுதான் 1953-ன் 'டோக்கியோ கதை'. ஓனோமிச்சி என்ற கடற்கரையூரிலிருந்து முதிய பெற்றோர் டோக்கியோப் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை, போரில் இறந்த மகனின் மனைவி மட்டும் அன்போடு கவனிக்கிறாள். ஊர் திரும்பியதும் தாய் இறந்துவிடுகிறாள். எழுபது வயதுத் தந்தையாக நடித்த சிஷு ரியூவுக்கு அப்போது 49 வயது. 2012-ல் உலக டைரக்டர்களிடையே நடந்த சைட் அண்ட் சவுண்ட் வாக்கெடுப்பில் இப்படம் முதலிடம் பெற்றது.

இவ்வளவு திட்டம் போட்டால் நடிகரின் உயிர் போய்விடாதா? இக்கேள்வியை அவருடைய உதவியாளரே எழுப்பினார். 'டோக்கியோ கதை'யில் வேலை செய்த ஷோஹெய் இமாமுரா, பின்னர் தாமே பெரிய டைரக்டரானவர். நடிகர்களை அங்குலம் அங்குலமாகக் கட்டிப்போடும் முறை அவருக்குப் பிடிக்கவில்லை. தம் படங்களை நேர் எதிரான வழியில் எடுத்தார். அவர் பின்னாளில் சொன்ன சம்பவம் ஒன்றுண்டு. அச்சமயம் அவருடைய தாயும் மூளை ரத்தக் கசிவால் இறந்திருந்தாள். ஒலிச்சேர்க்கையின்போது தாயின் மரணக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்க்க மாட்டாமல் கழிப்பறைக்குப் போய்விட்டார். ஓஸு பின்னாலேயே வந்து, அந்நோய் கண்டவரின் தோற்றம் படத்தில் சரியாக வந்திருக்கிறதா என்று விசாரித்தார். அது கொடுமை என்று அன்று தோன்றியதாகவும், படமெடுப்பவன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று பிறகு உணர்ந்ததாகவும் இமாமுரா சொல்லியிருக்கிறார். என்னால் அவ்வளவு எளிதாக மன்னிக்க முடியவில்லை. ஆனாலும் அப்படத்தில் தாய் மூச்சடங்கிக் கிடக்கும் அறை ஏன் அப்படி நெஞ்சில் நிற்கிறது என்பது இதைப் படித்தபின் விளங்குகிறது.

ஓஸு மணம் செய்துகொள்ளவில்லை. கடைசிவரை தாயோடு வாழ்ந்தார். பெண்ணை மணம்செய்து கொடுத்துவிட்டுத் தனியாகும் தந்தையின் கதையைத் திரும்பத் திரும்ப எடுத்தவருக்கு மகளும் இல்லை, மகனும் இல்லை. 1958-ல் வண்ணத்துக்கு மாறியபின் எடுத்த படங்களில் காமிரா ஒருபோதும் நகரவில்லை. 1962-ன் தொடக்கத்தில், கடைசிப் படத்தின் கதையை எழுதிக்கொண்டிருக்கும்போதே தாய் காலமானாள். அப்படம் முடியும் இடத்தில், மகளின் கல்யாணத்தன்று இரவு குடித்துவிட்டு வீடு திரும்பிய தந்தை அடுக்களையில் தனியே உட்கார்ந்திருக்கிறார். காமிரா திரும்பிக் காட்ட எதிரே யாரும் இல்லை.

அடுத்த ஆண்டு கழுத்தில் புற்றுநோய் கண்டு, 1963 டிசம்பர் 12-ந் தேதி, தம் அறுபதாவது பிறந்த நாளன்று ஓஸு இறந்தார். கமாகுராவில் எங்காகுஜி மடத்தில் உள்ள அவர் கல்லறையில் பெயர் இல்லை. இன்மை என்று பொருள்படும் ஒரே ஓர் எழுத்து பொறித்திருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் பூவோடு மதுப்புட்டிகளையும் வைத்துவிட்டு வருகிறார்கள்.