மூளையைத் தாண்டி ‘நான்’ உண்டா? ராமானுஜர் போட்ட வாதம்

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் செம்பரம்பாக்கம், அதைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர். இன்று கம்பெனி பஸ்கள் ஓடும் இந்தப் பாதையின் ஒரு முனையில் பிறந்தவர் திருக்கச்சி நம்பி. மறுமுனையில், மரபுக் கணக்குப்படி 1017-ல், ராமானுஜர். உணர்வு உடம்போடு முடிந்துவிடுமா என்ற பழைய சண்டையில் ராமானுஜர் முக்கியமான ஆள்.

சண்டை என்ன? வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு எதுவுமே தனியாகச் சிவப்பில்லை. சேர்த்து மென்றால் வாய் சிவக்கும். உணர்வும் அப்படி உடம்பின் சேர்க்கையில் வருவதுதான் என்றார்கள் சார்வாகர்கள். இன்றைய நரம்பியலாளர்கள் பலரும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான். அத்வைதிகளோ தூய உணர்வு மட்டுமே உண்மை, ‘நான்’ என்பது மேல்பூச்சு என்றார்கள்.

ராமானுஜருக்கு ரெண்டுமே சரிப்படவில்லை. காலையில் எழுந்ததும் நல்லா தூங்கினேன் என்கிறோம். தூக்கத்தில் உலகமும் தெரியவில்லை, உடம்பும் தெரியவில்லை. ஆனாலும் தூங்கியது நான்தானா என்ற சந்தேகம் யாருக்கும் வருவதில்லை. ஆக, ‘நான்’ அங்கேயும் இருந்தது. விளக்கு இல்லாமல் வெளிச்சம் இல்லை. அறிகிறவர் இல்லாமல் அறிவும் இல்லை. அந்த வெளிச்சம் தூக்கத்தில் சுருங்கும், விழித்தால் விரியும். ஸ்ரீபாஷ்யத்தில் இதை விரிவாக வாதிடுகிறார்.

நரம்பியலாளர் விட்டுவிடுவாரா? காலையில் மூளை கட்டுகிற கதை அது என்பார். மயக்க மருந்திலிருந்து எழுபவர்கள் பலர், நேரம் போனதே தெரியலை என்றுதானே சொல்கிறார்கள்? ஆனால் நியூரான் துடிப்பு ஏன் ஒருவருக்கு வலியாக உணரப்படுகிறது என்பதற்கு இன்றும் ஒப்புக்கொள்ளப்பட்ட பதில் கிடையாது.

இது ராமானுஜருக்கு வெறும் ஏட்டு வாதம் இல்லை. குருபரம்பரை நூல்கள் சொல்லும் கதை இது. ஆசிரியர் யாதவப்பிரகாசரோடு முட்டிக்கொண்டு வெளியே வந்தவர், காஞ்சி வரதருக்கு ஆலவட்டம் வீசிய நம்பியை குருவாக ஏற்க விரும்பினார். நம்பி பிராமணர் அல்லர், தயங்கினார். ஒருநாள் ராமானுஜர் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். இவர் வெளியே போயிருந்த நேரத்தில் நம்பி வந்து சாப்பிட்டுப் போக, மனைவி தஞ்சமாம்பாள் அவர் உட்கார்ந்த இடத்தைக் கழுவிவிட்டு, குளித்து, புதிதாகச் சமைத்தார். ராமானுஜர் நொந்துபோனார். ஆத்மா உடம்பு இல்லை என்றால், கழுவப்பட்டது எந்தத் தீட்டு? இப்படிப்பட்ட பிணக்குகள் சேர்ந்து அவரைத் துறவில் கொண்டு நிறுத்தின.

பிறகு திருவரங்கம். திருக்கோஷ்டியூருக்குப் 18 முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை ஊரறியச் சொன்னதாகவும் மரபு உண்டு. ஆனால் அதே ஸ்ரீபாஷ்யத்தில், வேதம் ஓதும் உரிமை பற்றிய பழைய சாதித் தடையை அவர் விலக்கவில்லை. வாதம் போன தூரம் விதி போகவில்லை.

மரபுப்படி 1137-ல், 120 வயதில் காலமானார். இந்த வயதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. உடம்பு ‘நான்’ அல்ல என்று வாதிட்டவரின் உடம்பே திருவரங்கத்தில் உட்கார்ந்த நிலையில் காக்கப்படுகிறது என்று பக்தர்கள் நம்புகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை அந்தத் திருமேனிக்குக் குங்குமப்பூவும் பச்சைக் கற்பூரமும் சாத்துகிறார்கள்.