மணலில் எழுதுவித்த பெல் பாதிரியார்

தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு மின்சார ரயிலேறிச் செல்லும் நம் மாணாக்கர் எழும்பூரை அடிக்கடி கடக்கின்றனர். முன்னாளில் அங்கிருந்த ஆண்பிள்ளைகளின் அநாதை விடுதியிலே, சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்கும் முறையொன்று உருப்பெற்றுக் கடல் கடந்து சென்றதென்பதை அவருட் பலர் அறியார். மேனாட்டார் அதற்கு இட்ட பெயர் சென்னை முறை என்பதாம். அதனை நடத்திய ஆண்ட்ரு பெல் என்பாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கப் புகுந்தோம்.

பெல் 1753-ஆம் ஆண்டு ஸ்காத்லாந்து தேசத்துச் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் ஒரு நாவிதரின் மைந்தராய்ப் பிறந்தார். அந்நகரச் சர்வகலாசாலையிலே பயின்று, 1774-இல் அமெரிக்காவிலுள்ள விர்ஜீனியாவிற்குச் சென்று, சில ஆண்டுகள் செல்வர் மனைச் சிறுவர்க்குப் பாடஞ் சொன்னார். பின்பு தாயகம் திரும்பிக் குருப்பட்டம் பெற்று, 1787-இல் சென்னை வந்தார். படைப்பிரிவுகள் பலவற்றிற்கு ஒருங்கே குருவாய் அமர்ந்து அவற்றின் சம்பளங்களையெல்லாம் பெற்றவர் அவர். ஆதலின் பொருளாசை அவர்பால் இல்லையென யாம் சொல்லத் துணியோம். ஆயினும், 1789-இல் எழும்பூர் விடுதியின் மேற்பார்வையை ஏற்றபோது அதற்குரிய ஊதியத்தை வேண்டாவென மறுத்துவிட்டார்.

அவ்விடுதிப் பிள்ளைகள் ஐரோப்பியப் போர்வீரர்களின் மக்கள். உபாத்தியாயர்களோ ஊக்கமற்றவர், அரிச்சுவடி வகுப்பு நெடுநாளாகியும் முன்னேறாது நின்றது. ஒருநாள் பெல் குதிரைமீது செல்லுங்கால், நாட்டுப் பள்ளியொன்றிற் பிள்ளைகள் தரையிற் பரப்பிய மணலின்மேல் விரலால் எழுதுவதைக் கண்டார். மலபார்ப் பள்ளி என அதனை அவர் குறித்தனர். அக்காலத்து ஆங்கிலேயர் தமிழரை மலபாரிகள் என்றே வழங்கினராதலின், அது நம் திண்ணைப் பள்ளிக்கூடமே என்று கொள்ளுதல் பொருந்தும். காகிதமும் மையும் வேண்டா. பிழைத்த எழுத்தை உள்ளங்கையால் தடவிவிட்டு மீண்டும் எழுதலாம். வாய் எழுத்தின் பெயரைச் சொல்ல, விரல் அதன் வடிவைப் பழகும். பெல் விரைந்து மீண்டு, பலகையில் மணல் தூவி அவ்வாறே கற்பிக்கும்படி பணித்தார். உபாத்தியாயர் இது நடவாதென்றனர். அவர்களை வற்புறுத்துவதை விடுத்து, ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனிடம் அவ்வகுப்பை ஒப்புவித்தார். அவன் ஒரு சாதாரணப் போர்வீரனின் மகன். பெரியோர் இயலாதென்றதை அச்சிறுவன் செய்து முடித்தான்! அதுமுதல் மாணாக்கரே மாணாக்கர்க்குக் கற்பிக்கும் ஒழுங்கு விடுதி முழுதும் பரவிற்று.

மணலைக் கண்ட இடத்தை மறைக்காத பெல், மாணாக்க ஆசிரியர் முறையைத் தம் புத்தியில் உதித்ததென்றே சாதித்தார். நம் பள்ளிகளிற் சட்டாம்பிள்ளை இருந்ததை அவர் அறியாரோ? 1823-இல் பல்லாரிக் கலெக்டர் காம்பெல் அரசினர்க்கு விடுத்த அறிக்கையில், மூத்த மாணாக்கர் இளையோர்க்குக் கற்பிக்கும் இந்நாட்டு வழக்கத்தை வியந்து, இங்கிலாந்து அதனைப் பின்பற்றியது தகுமென்று எழுதினார். அறிந்தே மறைத்தாரெனப் பெல்லின்மேற் குற்றஞ் சாட்டச் சான்றில்லை. கடன் பெரும்பாலும் நம்முடையதே என்பது எம் கருத்து.

உடல்நலங் குன்றி 1796-இல் சென்னையை விட்ட பெல், மறு ஆண்டு தம் பரீட்சையை விளக்கிச் சிறு நூலொன்று வெளியிட்டார். 1798-இல் லண்டன் தருமப் பள்ளியொன்று அம்முறையைக் கைக்கொண்டது. லங்காஸ்டர் என்பார் அதனையொத்த முறையை நடத்த, முதன்மை யாருடையதென்னும் வழக்கு நெடிது நீண்டது. 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபையைச் சார்ந்த தேசியக் கல்விச் சங்கம் தோன்றிப் பெல்லின் முறையை ஆயிரக்கணக்கான பள்ளிகளிற் பரப்பிற்று.

இவர் வரலாற்றில் எம்மை வருத்துவது ஒன்றுண்டு. 1805-இல் தம் நூலைத் திருத்தி வெளியிடுகையில், ஏழைப் பிள்ளைகள் எல்லார்க்கும் எழுத்தும் கணக்கும் கற்பித்தல் வேண்டா, வேதத்தை வாசிக்கத் தெரிந்தாற் போதும் என்னும் கருத்தை அவர் வெளியிட்டார். கற்றால் தம் நிலையில் மனநிறைவு கொள்ளாரென்பது அவர் அச்சம். காசின்றி எழுதக் கற்கும் வழியை ஏழைச் சிறுவரிடமே கண்டவர், மற்றொரு தேசத்து ஏழைச் சிறுவர்க்கு அதனை மறுக்கத் துணிந்தார். அவர் முறையோ அவர் இட்ட எல்லைக்குள் நில்லாமல், பள்ளிதோறும் மணற்பலகையைக் கொண்டு சேர்த்தது.

1832 ஜனவரி 27-இல் பெல் செல்ட்டன்ஹாமில் உயிர் நீத்து, வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் பெற்றார். தாம் ஈட்டியதில் ஏறத்தாழ 1,20,000 பவுனைக் கல்விக்கென எழுதிவைத்தார். அப்பொருள்கொண்டு அவர் பிறந்த ஊரில் எழுந்த பள்ளி, மதராஸ் காலேஜ் என்னும் பெயரோடு இன்றும் நடைபெறுகின்றது.